சனிக்கிழமை வரிசை

என் அண்ணன் ஃபாதர் சவரிநாதன் இறந்து இரண்டு தவக்காலங்கள் போய்விட்டன. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி நிறையப் பேசினார்கள். சாகணில் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால், வெங்காய வயல்களுக்கு நடுவே சைக்கிளில் போய்ப் பூசை வைத்தவர் என்றார்கள். அவர் மராத்தியில் பிரசங்கம் வைத்தால் இந்துக்களும் வந்து வெளியே நின்று கேட்பார்கள் என்றார்கள். எங்கள் பங்குக் கோயிலில் அவர் இருந்த கடைசி வருடங்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பகுதிதான். அதில் எனக்கு இன்றும் விளங்காத இரண்டொரு விஷயங்கள் இருக்கின்றன.

நாங்கள் மராத்திச் சீமையில், கட்கியில் பிறந்தவர்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்த அப்பாவுக்கு அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. என் கணவர் போன பிறகு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தேன். அண்ணன் ஓய்வு பெற்றதும் பிஷப்பிடம் கேட்டு எங்கள் பங்குக்கே வந்துவிட்டார். பங்குத்தந்தை ஃபாதர் கிளாரன்ஸ் மங்களூர்க்காரர், மகன் வயதிருக்கும். படி ஏற வேண்டாம் என்று கீழ்த்தளத்திலேயே அண்ணனுக்கு ஓர் அறை கொடுத்தார்.

காலைப் பூசை முடிந்ததும் நான் அந்த அறைக்குப் போவேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, இன்சுலின் போடுவது, காலில் ஆறாமல் இருந்த புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் என் வேலை. சர்க்கரை அவர் பாதங்களின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அதில் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு, "எதையாவது வச்சுக் குத்து பாப்பா, எந்த விரல்னு சொல்றேன்" என்பார். எழுபது தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார். நான் பென்சில் முனையால் தொடுவேன். அவர் நடுவிரல் என்பார். தொட்டது சுண்டுவிரலாக இருக்கும். சில நாள் நான் தொடுவதற்கு முன்பே கட்டைவிரல் என்பார். இன்னும் தொடவே இல்லை என்றால், கண்ணைத் திறந்து தன் காலை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்ப்பார்.

கைநடுக்கம் அடுத்து வந்தது. அங்கியின் பொத்தான்களைப் போட முடியவில்லை. தையல்காரர் முகமது ரஃபீக் பொத்தான்களை எடுத்துவிட்டு உள்ளே ஜிப் வைத்துத் தந்தார். பூசைப் பாத்திரத்துக்கு அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அது ஆடி, திராட்சை இரசம் பீடத்துணியில் சிந்திவிட்டது. முறைப்படி அந்தத் துணியைத் தனியாக அலசி, தண்ணீரை மண்ணில் ஊற்றினார்கள். அதன்பின் அவர் தனியாகப் பூசை வைக்கவில்லை. கிளாரன்ஸ் வைக்கும் பூசையில், பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டுவார். பிரசங்கமும் நின்றது. அவருக்கென்று மிஞ்சியது சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் கேட்பது மட்டும்தான்.

எங்கள் கோயிலில் இரண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் இருந்தன. நடுவில் குரு உட்கார, பக்கவாட்டில் பாவம் சொல்கிறவர் மண்டியிட, இடையே துளைகள் போட்ட பலகை வைத்த மரக்கூண்டுகள். இடதுபுறம் கிளாரன்ஸ், வலதுபுறம் அண்ணன். அந்தச் சமயத்தில்தான் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். அண்ணனுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. குக்கர் விசில் கேட்கவில்லை, கதவைத் தட்டினால் கேட்கவில்லை. ஆனால் காது போகப் போக அவர் தொட்டிக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. கிளாரன்ஸ் பக்கம் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அண்ணன் பக்கம் பெஞ்சுகள் நிரம்பி, சுவரோரமாகவும் நிற்பார்கள். தமிழர்கள் மட்டுமல்ல, மராத்திக்காரர்கள், கோவாக்காரர்கள், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வரும் ஐடி பிள்ளைகள்கூட.

பீடத்தை அலங்கரிக்கும் பீடச் சபையில் என்னோடு இருந்த மரியம்மாளிடம் காரணம் கேட்டேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"இதுகூடத் தெரியலையாக்கா? கிளாரன்ஸ் ஃபாதர் கேள்வி கேக்கறாரு. ஏன் செஞ்ச, எப்பத்துலேர்ந்துன்னு. நம்ம சாமி ஒண்ணும் கேக்க மாட்டாரு. காதுல விழுந்தாத்தானே கேக்கறதுக்கு? சரிம்மா சரிம்மான்னு மூணு அருள் நிறைந்த மரியே ஜெபத்த அபராதமா குடுத்துருவாரு. கொலை பண்ணிட்டு வந்தாலும் மூணுதான்."

அவர் இதை அறிந்திருந்தாரா என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி. கேட்காத பாவத்தை எப்படி மன்னிக்க முடியும் என்றும் யோசித்தேன். அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை மதியத்திலிருந்தே அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் தானாகவே எழுந்து தலைவாரிக்கொள்வார்.

கடைசியில் நானும் கிளாரன்ஸும் சேர்ந்து அவரைப் பிம்ப்ரியில் காது மிஷின் பொருத்தும் ஒரு பெண்ணிடம் அழைத்துப்போனோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் குழந்தையைப் போல ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பினார். மேலே மெட்ரோ போனதைக் கேட்டார். சிக்னலில் காகம் கத்தியது. "காக்கா இவ்ளோ சத்தமாவா கத்தும்?" என்று ஆட்டோக்காரரிடமே ஹிந்தியில் விசாரித்தார்.

ஆனால் தொட்டிக்குள் மிஷின் வேலைக்கு ஆகவில்லை. காதைப் பலகையோடு ஒட்டிவைத்தால் அது வீலென்று கூவியது. முதல் சனிக்கிழமை வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் போனைத் தடவிப் பார்த்தார்கள். "உள்ள பெரிய பாவம் போலிருக்கு, மிஷினே அலறுது" என்றாள் மரியம்மாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் மட்டும் அண்ணன் அதைக் கழற்றி அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

தவறு அங்கேதான் நேர்ந்தது என்று நினைக்கிறேன். மற்ற நாட்களில் நன்றாகக் கேட்டுப் பழகிய மனிதருக்கு, சனிக்கிழமை மட்டும் தலையாட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை. கோயில் நிறைந்திருந்தது. ஸ்டெல்லா உள்ளே போனாள். அது அவள் உண்மையான பெயர் அல்ல. அவள் யார், எங்கே வேலை செய்கிறாள் என்பதையும் நான் சொல்லப் போவதில்லை. அண்ணன் இரண்டு முறை, "சத்தமா சொல்லும்மா" என்றது எல்லோருக்கும் கேட்டது. வரிசையில் சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஒரு கேள்விதான். அது வாசலில் மெழுகுவர்த்தி விற்பவள் வரைக்கும் போய் விழுந்தது. அதைக் கேட்ட பிறகு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் பாதி யாருக்கும் புரியாமல் இருக்க வழியில்லை.

ஸ்டெல்லா வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் நடு வழியாக நடந்து போய்விட்டாள். அவள் போனது அண்ணனுக்குத் தெரியவில்லை. உள்ளே அவர் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை விலக்கிப் பார்த்தார். எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

மறுநாள் பூசையின் முடிவில் கிளாரன்ஸ் எந்த நிகழ்ச்சியையும் குறிப்பிடாமல், ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் ஒரு விஷயத்தைச் சொன்னார். பாவசங்கீர்த்தன ரகசியம் குருவை மட்டும் கட்டுவதல்ல. தற்செயலாக ஒரு சொல் யார் காதில் விழுந்தாலும் அவரும் அதைச் சாகும்வரை வெளியே விடக்கூடாது. இது திருச்சபையின் சட்டம் என்றார். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

வெளியே வந்ததும் மரியம்மாள், "நான் என்னா குருப்பட்டமா வாங்கியிருக்கேன்?" என்று முணுமுணுத்தாள். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் எதையாவது தெரிந்துவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சட்டம் என்னையும் கட்டும் என்பதால் அந்தக் கேள்வியை நான் இங்கே எழுதவில்லை.

கிளாரன்ஸ் அண்ணனிடம் வருத்தத்தோடுதான் பேசினார். இனி தொட்டியில் உட்கார வேண்டாம் என்றார். நகரத்தின் மறுகோடியில் வயதான குருக்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், அங்கே போவது நல்லது என்றார். தொட்டியை விடுவதற்கு அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். இல்லத்துக்குப் போகும் பேச்சை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டார். புண் ஆறட்டும் என்றார். வெயில் தணியட்டும் என்றார். வெயில் அப்போது ஆரம்பிக்கவே இல்லை. ஈஸ்டருக்கு மறுவாரம் கட்டாயம் போக வேண்டும் என்று கிளாரன்ஸ் முடிவாகச் சொன்னார்.

அவர் எதற்காகத் தள்ளிப்போட்டார் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் புரிந்தது. பாவமன்னிப்பு கடைசியில் கொடுப்பது. அது இல்லாமல் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கக் கூடாது. ஸ்டெல்லா அதை வாங்காமலேயே போய்விட்டாள். வேறு எந்தக் குருவிடமும் அவள் போயிருக்கலாம்; நகரத்தில் கோயிலுக்கா பஞ்சம்? ஆனால் அவள் போகவில்லை. நன்மை வாங்குகிற நேரத்தில் மொத்தப் பெஞ்சும் எழுந்து போகும்போது அவள் மட்டும் முழங்காலில் இருப்பாள். மற்றவர்கள் அவள் கால்களைத் தாண்டிப் போவார்கள். பீடத்தின் பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணனுக்கு அந்தப் பெஞ்சு நேரே தெரியும். அவர் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவளைக் கூப்பிடவும் முடியாது. தொட்டியில் கேட்டதைப் பற்றி வெளியே அவளிடமே பேச்செடுக்கக் குருவுக்கு உரிமையில்லை. அவளாக வர வேண்டும். அவர் போவதற்குள் வர வேண்டும்.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது நேராகவே கேட்டேன்.

"நான் போய் அவகிட்டப் பேசட்டுமாண்ணே?"

"யாருகிட்ட?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. கட்ட இவ்ளோ இறுக்காத."

"உனக்குத்தான் கால்ல உணர்ச்சியே இல்லையே. இறுக்கினது எப்பிடித் தெரிஞ்சிது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மறைக்கிற மனிதனின் முகம் எனக்குத் தெரியும். என் கணவர் சீட்டாடிவிட்டு வந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். இது அப்படி இல்லை. கதவு இருந்ததற்கான அடையாளமே இல்லாத சுவர் அது. அத்தனை வருடங்களாக எத்தனை பேர் சொன்னது அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறதோ, இவர் அதை வைத்துக்கொண்டு எப்படிக் கஞ்சி குடித்தார், எப்படி அந்த மனிதர்களோடு கிரிக்கெட் பேசினார் என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கு ஒரே ஒரு கேள்வி தெரியும். அதையே வைத்திருக்க முடியாமல் நாக்கு அரித்தது.

வாரங்கள் ஓடின. புண் ஆறவில்லை. ஒரு விரல் கறுத்தது. அறுவைச் சிகிச்சை வரலாம் என்று டாக்டர் சொன்னதைக்கூட அண்ணன் ஏதோ தகவல் போலக் கேட்டுக்கொண்டார்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம், சனிக்கிழமை சாயங்காலம், தன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பீடத்தின் பக்கம் போகவில்லை. கிளாரன்ஸின் தொட்டிக்கு முன்னால் இருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார். இப்போது அந்த ஒரு வரிசைதான். முன்னால் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். கையை அசைத்து மறுத்துவிட்டார். ஆள் நகர நகர வாக்கரை நகர்த்திக்கொண்டு அவர் நின்றது பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரம் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது எங்கள் வழக்கம். ஏணி மேல் நின்று மாதா சுரூபத்துக்குத் துணி குத்திக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா. அவள் அன்று வருவாள் என்று அவருக்கு முன்பே தெரியுமா என்பது எனக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று.

அவர் முறை வந்தது. கிளாரன்ஸ் வெளியே வந்து, அறையில் வைத்துக் கேட்கிறேன் என்று அவர் காதருகே சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, மண்டியிடும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். மிஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். தமிழில். பிரசங்கம் வைக்கிற குரலில்.

அவர் சொன்னதை நான் எழுதலாம். பாவம் செய்தவர் தன் பாவத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். பிற்பாடு அவரே என் கேள்விக்குப் பதிலாக அதைத் திரும்பவும் சொன்னார்.

"ரெண்டு வருஷமா எனக்குக் காது கேக்கல. கேட்ட மாதிரி நடிச்சேன். சொன்னா இதையும் எடுத்துருவாங்கன்னு பயம். ஜனங்க வரிசையா நிக்கறதப் பாத்து எனக்குப் பெருமை. என் பெருமைக்கு நான் அவமானப்படல, நம்பி வந்தவங்க பட்டாங்க. அவங்க பேர்ல ஒரு குத்தமும் இல்ல. எல்லாக் குத்தமும் என்னோடது."

கிளாரன்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பாவமன்னிப்பு சொன்னார். அபராதம் என்ன என்பது அண்ணனுக்குக் கேட்கவில்லை. வாட், வாட் என்றார். கிளாரன்ஸ் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று அருள் நிறைந்த மரியே. எங்கோ யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அண்ணன் வெளியே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது.

ஸ்டெல்லா ஏணியிலிருந்து இறங்கினாள். வாயில் வைத்திருந்த ஊசிகளை எடுத்துத் தோள் முந்தானையில் குத்திக்கொண்டாள். நேரே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிஷின் எங்க ஃபாதர்?"

அவர் பையிலிருந்து எடுத்தார். காதுக்குள் வைக்க வரவில்லை, கை ஆடியது. அவள் அதை வாங்கி, அவர் காதுமடலை இழுத்துப் பிடித்து உள்ளே பொருத்தினாள். அது ஒரு முறை கூவி அடங்கியது. பிறகு அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

ஒருவரும் அசையவில்லை. உண்மையைச் சொல்வதானால், எல்லோருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. வாரக்கணக்கில் பாதி தெரிந்துகொண்டு இருந்தவர்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் மீதியும் காதில் விழும். கேட்பது பாவம் என்று எழுந்து போகவும் கால் வரவில்லை, உட்கார்ந்து கேட்கவும் வெட்கமாக இருந்தது.

மரியம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். தேர் இழுக்கும்போது சொல்வதுபோல, அடிவயிற்றிலிருந்து. நாங்கள் பிடித்துக்கொண்டோம். மராத்திக்காரர்கள் மராத்தியில் சொன்னார்கள், ஐடி பிள்ளைகள் ஆங்கிலத்தில். கிளாரன்ஸ் திரையை விலக்கித் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவரும் கொங்கணியில் சேர்ந்துகொண்டார். எந்தப் பாஷையும் எதனோடும் ஒட்டவில்லை. ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் பாதியில் இருந்தார். அந்தக் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்கவில்லை.

நானும் கத்தினேன். ஆனால் கண்ணை மூடவில்லை. அவள் வாய் அவர் காதருகே இருந்தது. அவர் ஏதோ கேட்டார். உதடு மட்டும்தான் அசைந்தது. அவள் பதில் சொன்னாள். வெகு நேரம் சொன்னாள். பிறகு அவர் வலக்கையைத் தூக்கினார். காற்றில் அவர் போட்ட சிலுவை கோணல்மாணலாக இருந்தது. போட்டு முடித்த பிறகும் கை ஆடிக்கொண்டே இருந்தது. அதை அவள் பிடித்து அவர் மடியில் வைத்தாள்.

மறுநாள் நன்மை வாங்குகிற வரிசையில் அவள் நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

பூசைக்குப் பிறகு அறைக்குப் போனேன். கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.

"நேத்து என்னாண்ணே அப்பிடிச் சொன்ன?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல் குறையாமல் திரும்பவும் சொன்னார். கணக்கு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

"கிளாரன்ஸுக்குத் தமிழ் தெரியாதே. இங்கிலீஷ்ல சொல்லியிருக்கலாம்ல?"

"வயசானா தாய்ப்பாஷைதான் வருது."

"அவ்ளோ சத்தமாவா?"

"காது கேக்காதவனுக்குத் தன் சத்தம் எப்பிடித் தெரியும் பாப்பா?"

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கறுத்த விரலில் பஞ்சை வைத்தேன். மருந்து எரிந்திருக்க வேண்டும், அவருக்குத் தெரியவில்லை.

"கிளாரன்ஸ்கிட்டச் சொல்லிடு" என்றார். "ஈஸ்டர் வரைக்கும்கூட வேணாம். அவருக்கு வண்டி எப்பத் தோதுப்படுதோ அப்பப் போலாம்."

நான் அலமாரியைத் திறந்து அவர் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.